உள்ளே யாரும் இல்லாத கல்லறைகள்

கேள்வி இது: ஒன்ராறியோவின் சின்ன ஊர்கள் வழியாகக் காரில் போகும்போதெல்லாம் நாற்சந்தியில் ஒரு கல்தூணோ சிப்பாய் சிலையோ கண்ணில் படுகிறது. ஒரு காஸ் ஸ்டேஷன், ஒரு தேவாலயம், ஒரு ரிம் ஹோர்ட்டன்ஸ் காபிக் கடை என்று முடிந்துபோகிற ஊரில்கூட முப்பது நாற்பது பெயர் வெட்டியிருக்கிறது. உண்மையிலேயே அத்தனை பேர் செத்தார்களா? அரசாங்கம் கட்டியதா? அடியில் யாரையாவது புதைத்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. அடியில் யாரும் இல்லை. இவற்றை இங்கே செனடாஃப் என்பார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கே 'வெற்றுக் கல்லறை' என்றுதான் பொருள். உடல் வேறெங்கோ இருக்க, ஊரில் எழுப்பிய கல்.

உடல் ஏன் வேறெங்கோ இருக்கிறது என்பதற்கு ஒரு விதி காரணம். முதல் உலகப் போரில் கனடா பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாகச் சண்டைக்குப் போனது. இறந்தவர்களைக் கவனிக்க 1917இல் லண்டனில் ஒரு போர்க் கல்லறை ஆணையம் உருவானது. இறந்தவர் யாராக இருந்தாலும் விழுந்த மண்ணிலேயே கிடக்கட்டும், அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவில் ஒரே மாதிரிக் கல் என்று அது முடிவெடுத்தது. வசதியுள்ள குடும்பம் மகனைக் கப்பலில் கொண்டுவரும், ஏழைக் குடும்பம் பார்த்துக்கொண்டு நிற்கும், அந்த வேற்றுமை வேண்டாம் என்பது நியாயம். நியாயமான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மகனை இழந்த தாயிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்கா குடும்பங்களிடமே விட்டுவிட்டது, அங்கே பெரும்பாலோர் உடலைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லைக்கு வடக்கே இருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

ரொறன்ரோவில் ஆனா டூரி என்று ஒரு அம்மா இருந்தார். மகன் கேப்டன், 1917 டிசம்பரில் பிரான்சில் இறந்துபோனான். எழுதிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1921இல் நேரே பிரான்சுக்குப் போய்க் கல்லறையைத் தோண்டி எடுக்க ஆள் பிடித்தார், அதுவும் கைகூடவில்லை. 1925இல் மறுபடி போனார். அந்தத் தடவை எலும்புகளை எடுத்து ரகசியமாகக் கொண்டுவந்து ரொறன்ரோ செயின்ட் ஜேம்ஸ் இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டார். அவரிடம் பணமும் பிடிவாதமும் இருந்தன. பண்ணை வீட்டிலோ சுரங்க ஊரிலோ இருந்த தாய்மாரில் பெரும்பாலோர் மகனின் கல்லறையைக் கண்ணாலேயே பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பூ வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நீங்கள் நாற்சந்தியில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

சரி, அத்தனை பேரா? ஆமாம். அப்போது கனடாவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் குறைவு. படையில் சேர்ந்தவர்கள் 6 லட்சத்துக்கு மேல், இறந்தவர்கள் ஏறத்தாழ 61,000 பேர். ஊர்க்கார இளைஞர்கள் கூட்டமாகப் போய் ஒரே பட்டாளத்தில் சேர்ந்திருந்தால், அந்தப் பட்டாளம் அடிபட்ட ஒரு காலையில் ஒரு தெருவே காலியாகிவிடும்.

இதற்கு மிகக் கொடிய உதாரணம் நியூஃபவுண்ட்லாந்து. அது 1949 வரை கனடாவோடு சேரவில்லை, தனி நாடாக இருந்தது. மக்கள் இரண்டரை லட்சம் பேர்கூட இல்லை, பெரும்பாலும் மீன்பிடிக் கிராமங்கள். 1916 ஜூலை 1, பிரான்சில் பொமோன்-ஹமேல் என்ற இடத்தில் அவர்களுடைய படைப்பிரிவு ஏறக்குறைய 800 பேரோடு பதுங்குகுழியை விட்டு மேலே ஏறியது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அதனால்தான் ஜூலை 1 அன்று நாடு முழுக்கக் கனடா தினம் என்று கொடி பறக்கும்போது, அங்கே காலையில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி நினைவுக்கல்லுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். கொண்டாட்டம் அப்புறம்தான். செயின்ட் ஜான்ஸ் நகரில் இருக்கும் அவர்களுடைய பெரிய நினைவுச் சின்னம் 1924இல் அதே தேதியில் திறக்கப்பட்டது. சரியாக நூறு வருடம் கழித்து, 2024 ஜூலை 1 அன்று, பிரான்சில் கிடந்த பெயர் தெரியாத நியூஃபவுண்ட்லாந்துச் சிப்பாய் ஒருவரைக் கொண்டுவந்து அதன் காலடியில் அடக்கம் செய்தார்கள். அதாவது வெறும் கல்லறையாக இருந்த ஒன்றுக்குள் நூறு வருடம் கழித்து ஓர் ஆள் வந்து சேர்ந்தார்.

இனி, யார் கட்டினார்கள் என்பது. அரசாங்கம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்க் கல்லுக்கு ஒட்டாவாவிலிருந்து காசு வரவில்லை. பிரான்சில் விமி மேட்டில் நிற்கும் பெரிய சின்னம், தலைநகரில் நிற்கும் தேசியச் சின்னம், அவற்றுக்குத்தான் மத்திய அரசு பொறுப்பு. தலைநகர்ச் சின்னம் எப்போது திறக்கப்பட்டது தெரியுமா? 1939 மே மாதம். அடுத்த போர் தொடங்க நாலு மாதம்கூட இல்லை. அதற்குப் பதினைந்து வருடம் முன்பே எத்தனையோ சின்ன ஊர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டன. ஊர் சபை, மாதர் சங்கம், திரும்பி வந்த வீரர்களின் சங்கம், தேவாலயம் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு கமிட்டி. கேக் விற்று, கச்சேரி வைத்து, வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த பணம். கமிட்டி என்று ஒன்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா! எங்கே வைப்பது, யார் பெயர் முதலில், எந்தத் தேவாலயத்தின் பாதிரியார் ஜெபம் சொல்வது என்று சண்டை பிடித்துத்தான் பல கற்கள் எழுந்தன.

அதனால் கல்லின் உருவத்தைப் பார்த்தே அந்த ஊரின் பர்ஸை ஊகிக்கலாம். மிகவும் கையைக் கடித்த ஊர், வயலில் பொறுக்கிய உருண்டைக் கற்களைக் குவித்துச் சிமெந்து பூசி ஒரு தகட்டைப் பதித்தது. கொஞ்சம் வசதி என்றால் கருங்கல் தூண். இன்னும் கொஞ்சம் இருந்தால் கல்லறைக் கல் செய்யும் கம்பெனியின் கேட்டலாக்கைப் புரட்டி, இத்தாலியில் செதுக்கிய பளிங்குச் சிப்பாயை வரவழைத்தார்கள். வெண்கலச் சிலை வைக்கத் தெம்பு இருந்த ஊர்கள் குறைவு. போரில் பிடித்த ஜெர்மன் பீரங்கிகளை மத்திய அரசு ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுத்தது, சிலையை விட அது மலிவு. அவற்றில் நிறைய இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பு சேர்த்தபோது உருக்கப் போய்விட்டன. ஜெர்மன் இரும்பு, ஜெர்மனிக்கு எதிராகவே.

அந்தப் பளிங்குச் சிப்பாயின் மூக்கு ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. எல்லாவற்றுக்கும் பொறுக்கிப் பையன்கள் காரணமில்லை. இத்தாலியப் பளிங்கு இந்த ஊர்ப் பனிக்கு ஏற்றதல்ல. பகலில் ஈரம் உள்ளே இறங்கும், இரவில் உறைந்து விரியும், மறுநாள் மறுபடி உருகும். நூறு வருடம் அப்படியே நடந்தால் மேல்தோல் சீனி மாதிரி உதிரும். விரலால் தேய்த்துப் பார்த்தால் துகள் கையோடு வரும் (தேய்க்காதீர்கள்). முதலில் போவது மூக்கு, துப்பாக்கி முனை, தொப்பி விளிம்பு. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பிரஷர் வாஷரையும் கம்பி பிரஷையும் கொண்டு வருபவர்கள் ஒரே மத்தியானத்தில் இருபது பனிக்காலத்தின் வேலையைச் செய்துவிட்டுப் போவார்கள்.

சிலை என்று வந்தால் சிற்பி இமானுவேல் ஹானின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அவர் செய்த ஒரு சிப்பாய், 1921 வாக்கில் நோவா ஸ்கோஷியாவின் வெஸ்ட்வில் என்ற நிலக்கரி ஊரில் நின்றது. வெற்றிக் களிப்பு கிடையாது, கையை உயர்த்திய தோரணை கிடையாது. செத்துப்போன தோழனை நினைத்துத் தலை குனிந்து நிற்கிறான், அவ்வளவுதான். மக்களுக்கு அது பிடித்துப்போய் அதே வார்ப்பில் வேறு ஊர்களும் வாங்கி வைத்தன. இந்த ஹான் பிறந்தது ஜெர்மனியில். ஏழு வயதில் கனடாவுக்கு வந்தவர், இங்கேயே வளர்ந்தவர். 1925இல் வின்னிபெக் நகரம் நினைவுச் சின்னத்துக்குப் போட்டி வைத்தபோது அவருடைய வடிவம் தேர்வானது. ஜெர்மனியில் பிறந்தவன் கையால் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவுக்கல்லா என்று கூச்சல் கிளம்பியது. நகரம் பின்வாங்கி இரண்டாவது போட்டி வைத்தது. அதில் வென்றவர் எலிசபெத் வின் வுட். அப்புறம்தான் தெரிந்தது, அவர் ஹானின் மனைவி! அதையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் மூன்றாவதாக ஒருவரின் வடிவம் 1928இல் நின்றது. ஹானை நீங்களும் தினமும் கையில் எடுக்கிறீர்கள்: கனடாவின் பத்து சதக் காசில் ஓடும் பாய்மரக் கப்பலும் இருபத்தைந்து சதக் காசில் இருக்கும் காட்டுமான் தலையும் அவர் வரைந்தவை. நினைவுக்கல்லுக்கு ஆகாத கை நாணயத்துக்கு ஆனது. வின் வுட் பிற்பாடு ஒன்ராறியோவின் வெலண்ட் ஊருக்கு அருமையான ஒரு சின்னம் செய்தார். அது திறக்கப்பட்டதும் 1939இல்தான்.

கல்லுக்குப் பதிலாக உபயோகமான ஒன்றைக் கட்டினால் என்ன என்ற கட்சியும் அன்றே இருந்தது. ஒரிலியாவில் இன்றும் ஓடும் ஆஸ்பத்திரியின் பெயரே 'சோல்ஜர்ஸ் மெமோரியல்'. புல்வெளி மாகாணங்களில் நினைவு மண்டபங்கள், இரண்டாம் போருக்குப் பிறகு ஊருக்கு ஊர் 'மெமோரியல் அரீனா' என்ற ஐஸ் ஹாக்கி அரங்கங்கள். தலை சரிந்த கல்லை விட ஆஸ்பத்திரி மேல் என்று வாதாடலாம்தான். ஆனால் நான் கல் பக்கம். அரங்கம் பழசாகும், இடிப்பார்கள், புதிசுக்கு ஒரு கம்பெனியின் பெயர் வரும். சுவரில் இருந்த பெயர்ப்பலகை யாரோ ஒருவருடைய கராஜில் கிடக்கும். கல்லுக்கு வேறு உபயோகம் இல்லாததால்தான் அதை யாரும் தொடுவதில்லை. ரயில் பாதை பிடுங்கப்பட்டு, தானியக் கிடங்கு போய், கடையும் பள்ளிக்கூடமும் போன ஊர்கள் சஸ்காச்சுவானில் உண்டு. அங்கே கோதுமை வயல் நடுவே நினைவுக்கல் மட்டும் நிற்கும்.

இனி அதைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். அடுத்த முறை காரை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். முதலில் வருடம். பலவற்றில் 1914–1919 என்று இருக்கும். பிழை இல்லை. சண்டை நின்றது 1918 நவம்பரில், சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூனில். அடுத்து வரிசை. பெரும்பாலும் அகர வரிசையில்தான் பெயர்கள் இருக்கும், பதவி இருக்காது. கர்னலுக்கு மேலே கொத்தனார் வருவார். அப்புறம் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். அண்ணன் தம்பியாக இருக்கலாம், சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். கல் சொல்லாது. எல்லாரும் குண்டுபட்டுச் செத்தவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். பயிற்சி முகாமில் நியுமோனியாவில் போனவர்கள், 1918 ஃப்ளூவில் போனவர்கள் எல்லாரும் அதே வரிசையில்தான்.

பெயர்களில் பலருக்கு இன்று அந்த ஊரில் உறவே இருக்காது. அதற்கும் காரணம் உண்டு. கனடியப் படையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு அருகில் பிரிட்டனில் பிறந்தவர்கள். பண்ணை வேலைக்கு வந்த கல்யாணமாகாத பையன்கள், வந்து மூன்று வருடம்கூட ஆகாதவர்கள், போர் என்றதும் திரும்பிக் கப்பலேறினார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்? கூலிக்கு இருந்த கிராமத்தின் கல்லில் பெயர் இருக்கும், பிறந்த ஸ்காட்லாந்துக் கிராமத்தின் கல்லிலும் இருக்கும். இன்னும் சிலர் இரண்டு கல்லிலும் விட்டுப்போனவர்கள், ஒவ்வொரு ஊரும் மற்ற ஊர் போட்டிருக்கும் என்று நினைத்ததால்.

விட்டுப்போனவர்கள் என்றதும் இன்னொரு பட்டியல் நினைவுக்கு வருகிறது. பாரி சவுண்ட் பக்கத்தில் வாசோக்சிங் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகாபோ, முதல் போரில் குறிதவறாமல் சுடுவதில் பேரெடுத்தவர், மூன்று தடவை ராணுவப் பதக்கம் வாங்கியவர். திரும்பி வந்த பிறகு, தன் மக்கள் விஷயத்தை அரசு அதிகாரியிடம் பேசக்கூட அவர் ஒவ்வொரு படியாகப் போராட வேண்டியிருந்தது. 1952இல் இறந்தார். பாரி சவுண்டில் அவருக்குச் சிலை எழுந்தது 2016இல். ஜப்பானியக் கனடியர்களின் கதை இன்னும் கசப்பு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர்களைப் படையில் சேர்க்க மாட்டோம் என்றார்கள், அல்பேர்ட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 222 பேர் போனார்கள், 54 பேர் இறந்தார்கள். வான்கூவரில் அவர்களுடைய சமூகமே 1920இல் ஒரு தூண் எழுப்பி மேலே விளக்கேற்றியது. 1942இல், அதே மக்களைக் கடற்கரையிலிருந்து விரட்டி முகாம்களுக்கு அனுப்பிய காலத்தில், அந்த விளக்கை அணைத்தார்கள். திரும்ப ஏற்றியது 1985இல்.

பிரெஞ்சு கியூபெக் தனிக் கதை. 1917இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது அங்கே எதிர்ப்பு கொதித்தது, 1918 ஈஸ்டரில் கியூபெக் நகரத் தெருவில் ராணுவம் சுட்டதில் நாலு பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் இன்றைக்கு முடியாது.

முதல் போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்று ஒரு சின்ன ஊருக்குப் போங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். ஒட்டாவா வேண்டாம், டிவியில் பார்த்துக்கொள்ளலாம். வேலை விஷயமாகக் கிழக்கு ஒன்ராறியோவில் ஒரு கிராமத்தில் அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். ஒன்ராறியோவில் அது பொது விடுமுறை இல்லை, பள்ளிக்கூடம் உண்டு. பத்தரை மணிக்கு ஊர்த் தீயணைப்பு வண்டியைக் குறுக்கே நிறுத்திச் சாலையை மறித்தார்கள். நூற்றைம்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். முன்னாள் படைவீரர் சங்கமான லீஜனின் உள்ளூர்க் கிளைத் தாத்தாக்கள் கறுப்புத் தொப்பியோடு கொடி பிடித்து வந்தார்கள். பெயர்களை வாசித்தது ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி. பெயரோடு இறந்த இடத்தையும் சொல்லிக்கொண்டே போனவள், பாஷண்டேல் என்ற பெல்ஜியப் போர்க்களத்தின் பெயரில் தடுக்கி நின்றாள். பக்கத்தில் கொடி பிடித்திருந்த கிழவர் வாயை அசைக்காமல் மெதுவாக எடுத்துக்கொடுத்தார். அதே இடத்தின் பெயர் இன்னும் நாலு தரம் வந்தது, நாலாவதில் அவள் தடுக்கவில்லை. பதினொன்றுக்குப் பியூகிள். குளிரில் வாசித்தவரின் உதடு ஒத்துழைக்கவில்லை, மேல் ஸ்வரம் ஒன்று பிசிறிப்போனது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிட மௌனத்தில், மறித்த இடத்துக்கு அப்பால் ஒரு டிரக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். முடிந்ததும் எல்லாரும் வரிசையாகப் போய்ச் சட்டையில் குத்தியிருந்த பாப்பிப் பூவைக் கழற்றி மலர்வளையத்தில் குத்திவிட்டு வந்தார்கள். அப்புறம் லீஜன் கூடத்தில் சூப்பும் சாண்ட்விச்சும்.

இந்த நாளுக்கே ஒரு தகராறு உண்டு. 1921 சட்டப்படி போர்நிறுத்த நாளையும் நன்றியறிதல் நாளையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த வாரத்துத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். நீள வார இறுதி கிடைக்குமே! திரும்பி வந்த வீரர்கள் விடவில்லை. 1931இல்தான் நவம்பர் 11 என்றே நிலைத்து, 'நினைவு தினம்' (ரிமெம்பரன்ஸ் டே) என்ற இன்றைய பெயரும் வந்தது.

கல்லின் கீழ்ப்பகுதியையும் பார்க்க மறக்காதீர்கள். 1939–1945 தகடு பின்னால் ஒட்டியது, கல்லின் நிறமும் எழுத்தின் வடிவமும் மாறியிருக்கும். அதற்குக் கீழே கொரியா, 1950–1953. சில இடங்களில் ஆப்கானிஸ்தான். முந்தைய அந்தப் போர்களைப் போலல்லாமல், அங்கே இறந்த 158 கனடியப் படையினரின் உடல்கள் வீடு வந்தன. ட்ரென்டன் விமானத் தளத்தில் இறக்கி 401 நெடுஞ்சாலை வழியாக ரொறன்ரோவுக்குக் கொண்டுபோவார்கள். வழியில் உள்ள சின்ன ஊர்ச் சனங்கள் மேம்பாலங்களில் கொடியோடு வந்து நின்றார்கள். கூப்பிட்டு யாரும் வரவில்லை. 2007இல் சாலையின் அந்தத் துண்டுக்கு 'ஹைவே ஆஃப் ஹீரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம்மில் எத்தனையோ பேர் மொன்றியலுக்குப் போகும்போது அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகிறோம்.

கல்லை யாராவது சேதப்படுத்தினால் என்ன என்று கேட்டால், 2014இல் குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். முதல் தடவைக்குக் குறைந்தது 1,000 டாலர் அபராதம், மறுபடி செய்தால் சிறை.

கடைசியாக ஒரு வழி சொல்கிறேன். கல்லில் ஒரு பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடுங்கள். முதல் போரில் சேர்ந்த அத்தனை பேரின் கோப்பையும் கனடிய ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது, பணம் கேட்பதில்லை. மேலே சொன்ன கிராமத்தின் பெயர் ஒன்றை நான் அப்படித் தேடினேன். சேரும்போது நிரப்பிய தாள் வந்தது. தொழில்: பண்ணைக் கூலி. உயரம், கண்ணின் நிறம், மார்பளவு, இடது முன்கையில் ஒரு தழும்பு. மணமானவரா? இல்லை. நெருங்கிய உறவு என்ற இடத்தில் தாயின் பெயரும் இங்கிலாந்தில் ஒரு தெரு விலாசமும். அவனே போட்ட கையெழுத்து, மை கொஞ்சம் ஊறியிருந்தது. இன்னொரு தாளில் பெல்ஜியத்தில் எந்த இடுகாடு, எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று தட்டச்சில் இருந்தது.